எஞ்சின் கத்துகிறது, படகு ஓடவில்லை: சின்ன அவுட்போர்டுக்கு மாற்றுக் காத்தாடி பார்ப்பது எப்படி

ஃபைபர் படகு இழுக்கவில்லை என்றதும் கை நேராகக் காத்தாடிக்குத்தான் (புரொப்பல்லர்) போகும். கடையில் கேட்டால், "ஒரு நம்பர் கூட்டிப் போடுங்க, பிய்ச்சுக்கிட்டுப் போகும்" என்பார்கள். கூட்டிப் போட்டால் வெறும் படகு பறக்கத்தான் செய்யும். வலையும் ஐஸ் பெட்டியும் நாலு ஆளும் ஏறியதும் முக்க ஆரம்பிக்கும். ரெண்டு மாதத்தில் பிளக் கருகி, பிஸ்டன் வளையம் ஒட்டி, செலவு எஞ்சினுக்குள் போய் நிற்கும்.

காத்தாடி சரியா தவறா என்பதை வேகம் சொல்லாது. முழுப் பாரத்தோடு, முழு திராட்டிலில், எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) தொடுகிறது என்பதுதான் சொல்லும். கீழே உள்ள எல்லா வழியும் அந்த எண்ணிலிருந்து கிளம்புகிறது. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாடு, இலங்கை இரு கரையிலும் அதிகம் ஓடும் 9.9, 15 எச்பி யமஹா டூ ஸ்ட்ரோக்கை வைத்துச் சொல்லியவை. 6 முதல் 40 வரை எந்த எஞ்சினுக்கும் முறை இதேதான்.

எதையும் கழற்றுமுன்

பழைய காத்தாடியில் எண்ணைத் தேடுங்கள். ஹப்பின் (இறக்கைகள் சேரும் நடுக்குடம்) மேலோ இறக்கையின் அடியிலோ "9¼ × 9¾ – ஜே" என்பது போல வார்த்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச் (வழுக்காமல் சுற்றினால் ஒரு சுற்றில் காத்தாடி முன்னேறும் தூரம்), இரண்டும் அங்குலத்தில். கடைக்காரர் கூட்டச் சொல்லும் நம்பர் இந்தப் பிட்ச்தான். கடைசி எழுத்து எந்த எஞ்சின் குடும்பத்துக்கு என்பதைக் காட்டும். யமஹாவில் வழக்கமாக 6, 8 எச்பிக்கு என், 9.9, 15க்கு ஜே, 25, 30க்கு எஃப், 40க்கு ஜி. உள்ளே இருக்கும் பற்களை எண்ணியும் உறுதி செய்யலாம்: அதே வரிசையில் 7, 8, 10, 13 பல். மூடியில் 9.9 என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதே 9.9இல் ஹை-த்ரஸ்ட் வகை ஒன்று உண்டு, அதன் காத்தாடி விட்டம் 11¾ அங்குலம். ஜே காத்தாடி அதில் ஏறாது.

மணலில் உரசி எண் அழிந்துபோயிருந்தால் அளந்துவிடலாம். நடுத்துளையின் மையத்திலிருந்து ஓர் இறக்கையின் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் விட்டம். பிட்சுக்கு, காத்தாடியை மேசையில் கவிழ்த்து வைத்து, மையத்திலிருந்து 82 மில்லிமீட்டர் தூரத்தில் இறக்கையின் மேல் ஒரு வளைகோடு போடுங்கள். அந்தக் கோட்டின் இரு முனைகளும் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 29, இரு முனைக்கும் நடுவே மேசையில் கிடைமட்டத் தூரம் 60 என்றால்: 515 × 29 ÷ 60 = 249 மில்லிமீட்டர், அதாவது 9.8 அங்குலம். அது 9¾ காத்தாடி. 515 என்பது 82 மில்லிமீட்டர் ஆர வட்டத்தின் சுற்றளவு. வேறு தூரத்தில் அளந்தால் அதை 6.28ஆல் பெருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர். பிளக் வயரில் சுற்றிவிடும் சின்ன டிஜிட்டல் மீட்டர் போதும். உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி விடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மீட்டரையும் அதே அமைப்பில் வையுங்கள். காட்டும் எண் நம்பமுடியாதபடி பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருந்தால் அமைப்புதான் தவறு, எஞ்சின் அல்ல. காதால் கேட்டு "அஞ்சாயிரம் ஓடுது" என்பதெல்லாம் இந்த வேலைக்கு உதவாது.

சோதனை ஓட்டம் இப்படி: வழக்கமான ஆள், வலை, ஐஸ், நிரம்பிய டேங்க். இவை இல்லையென்றால் அதே எடைக்கு மணல் மூட்டை. அலை அடங்கிய காலை நேரம். நீவாட்டோடு (கடல் நீரோட்டம்) ஒரு தடவை, நீவாட்டை எதிர்த்து ஒரு தடவை. முழு திராட்டிலில் அரை நிமிடம் பிடித்து, நிலைத்து நிற்கும் ஆர்பிஎம்மையும் ஜிபிஎஸ் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வேகத்துக்கும் சராசரி எடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் 9.9, 15இல் தொட வேண்டியது 4,500 முதல் 5,500 வரை. ஃபோர் ஸ்ட்ரோக் பெரும்பாலும் 5,000 முதல் 6,000. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதே முடிவானது. மீன்பிடிப் படகுக்கு முழுப் பாரத்தில் 5,000ஐ ஒட்டி நிற்பதும், வெறும் படகில் 5,500ஐத் தாண்டாமல் இருப்பதும் நல்ல இடம்.

அறிகுறி 1: முழு திராட்டில் கொடுத்தும் ஆர்பிஎம் ஏறவில்லை, எஞ்சின் முக்குகிறது

பிட்ச் அதிகம் என்று நினைக்குமுன் காசில்லாத சோதனைகள்.

*திராட்டில் முழுக்கத் திறக்கிறதா?* எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி, கைப்பிடியைக் கடைசி வரை திருகச் சொல்லி, கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். பட்டாம்பூச்சித் தகடு படுக்கையாக வர வேண்டும். கேபிள் தளர்ந்தால் முக்கால்வாசியோடு நின்றுவிடும்.

*படகின் அடி சுத்தமா?* கொட்டலசும் பாசியும் பிடித்த அடி சில நூறு ஆர்பிஎம்மை விழுங்கிவிடும். பழைய ஃபைபர் படகில் இன்னொன்றும் உண்டு: மிதவைக்காக உள்ளே வைத்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போவது. முன்பு ஆறு பேர் கரையேற்றிய படகுக்கு இப்போது எட்டுப் பேர் தேவைப்படுகிறது என்றால் காத்தாடி மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

*ரெண்டு சிலிண்டரும் வேலை செய்கிறதா?* இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று செங்கல் நிறம், இன்னொன்று எண்ணெயில் நனைந்த கறுப்பு என்றால் அந்த சிலிண்டர் எரியவில்லை. பிளக் தொப்பியை அந்தரத்தில் விட்டு எஞ்சினைச் சுற்றிப் பார்க்காதீர்கள், சிடிஐ (பொறியை உண்டாக்கும் மின்பெட்டி) போய்விடும். பிளக்கைத் தொப்பியில் செருகி உலோகத்தில் அணைத்து வைத்துத்தான் பொறி பார்க்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டப்பா இருக்கக் கூடாது.

*காத்தாடிக்குப் பின்னால் ஏதும் சுற்றியிருக்கிறதா?* கடற்புல் என்றால் கண்ணுக்குத் தெரியும். நரம்பு வலைத் துண்டு, தங்கூசி என்றால் ஹப்புக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே போய் ஒளிந்துகொள்ளும். கழற்றினால்தான் தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் காத்தாடிக் கணக்கு. ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். கூட்டினால் அதே அளவு இறங்கும். 9¾ காத்தாடியில் முழுப் பாரத்துக்கு 4,600 வருகிறது, 5,000 வேண்டும் என்றால் பற்றாக்குறை 400. ஏறத்தாழ 2 அங்குலம் இறக்கி 8 பிட்ச் போடலாம். ஜே வகையில் 8 முதல் 12 பிட்ச் வரை வருகிறது. நடுவில் உள்ள அளவுகள் எல்லாம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எதை எடுப்பது என்று இழுபறியாக இருந்தால் குறைந்த பிட்சையே எடுங்கள். பாரம் சுமக்கும் படகுக்குப் பிட்ச் குறைந்து தவறினால் பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பிட்ச் கூடித் தவறினால் எஞ்சின் போகும்.

பற்றாக்குறை 600, 700ஐத் தாண்டினால் காத்தாடி வாங்காதீர்கள். போன வருடம் வரை இதே காத்தாடியில், இதே பாரத்தில் சரியாக ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு எஞ்சினில். அங்கே பிட்சைக் குறைத்தால் நோயை மூடி மறைத்த கதைதான். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரு சிலிண்டருக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது மெக்கானிக் வேலை.

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் சோதித்து வாங்கிய காத்தாடி மண்ணெண்ணெய்க்கு மாறியதும் பாரமாகிவிடும், ஏனென்றால் எஞ்சின் கொடுக்கும் சக்தி குறைகிறது. முழு திராட்டிலில் ஆர்பிஎம் தொங்கினால் பிளக்கில் கரி வேகமாகப் பிடிக்கும். நீங்கள் நாள் முழுக்க எதில் ஓட்டுகிறீர்களோ அதிலேயே சோதியுங்கள்.

அறிகுறி 2: ஆர்பிஎம் எல்லையைத் தாண்டுகிறது, அதற்கேற்ற வேகம் இல்லை

இது எப்போதும் ஒரே சீராக இருக்கிறதா, திடீரென்று வருகிறதா என்று பிரியுங்கள். திடீரென்று வந்தால் அறிகுறி 3க்கோ 4க்கோ போங்கள்.

சீராக இருந்தால் முதலில் இறக்கையின் நுனியைப் பாருங்கள். தொண்டி, அதிராம்பட்டினம், யாழ்ப்பாண நீரேரி போன்ற ஆழமில்லாத இடங்களிலும், மணலில் ஏறி இறங்கும் கரைகளிலும், அலுமினியக் காத்தாடி உடைவதைவிடத் தேய்வதுதான் அதிகம். நுனி மழுங்கி, முன்விளிம்பு ரம்பம் போலாகி, 9¼ இருந்த விட்டம் 9க்கு வந்திருக்கும். நாளுக்கு நாள் கொஞ்சமாகக் குறைவதால் யாருக்கும் தெரியாது. அளந்து பார்த்தால் தெரியும். இதற்குப் பிட்ச் கூட்ட வேண்டியதில்லை, அதே எண்ணில் புதுசு போட்டால் போதும்.

நுனி நன்றாக இருந்தால் வழுக்கல் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்சால் பெருக்கி, 1,215ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாமல் போக வேண்டிய நாட் வேகம் வரும். 15 எச்பியின் விகிதம் 2.08. 8 பிட்சில் 5,600 ஓடுகிறது என்றால்: 5,600 ÷ 2.08 = 2,692. அதை 8ஆல் பெருக்கி 1,215ஆல் வகுத்தால் 17.7 நாட். ஜிபிஎஸ் 14 காட்டினால் வழுக்கல் 21 சதவீதம். பாரப் படகுக்கு 20 முதல் 30 சாதாரணம், ஆகவே காத்தாடி தண்ணீரை நன்றாகவே பிடிக்கிறது, பிட்ச்தான் போதவில்லை. ஒன்று கூட்டி 9 போடலாம். அதே இடத்தில் ஜிபிஎஸ் 9 காட்டினால் வழுக்கல் 49 சதவீதம். எத்தனை பிட்ச் கூட்டினாலும் பயனில்லை. ரப்பர் புஷ் சுற்றுகிறது, அல்லது காத்தாடி காற்றைக் குடிக்கிறது, அல்லது படகு தண்ணீரிலிருந்து எழும்பாமல் உழுதுகொண்டு போகிறது.

அறிகுறி 3: திராட்டில் கொடுத்ததும் எஞ்சின் கத்துகிறது, படகு அப்படியே நிற்கிறது

நான்கு காரணங்கள் ஒன்றுபோலவே தோன்றும். சத்தத்தையும் நேரத்தையும் வைத்துப் பிரிக்கலாம்.

*கொஞ்சம்கூட இழுக்கவில்லை, மெதுவாகக்கூட நகரவில்லை.* 2 முதல் 3.5 எச்பி வரையுள்ள சின்ன எஞ்சின் என்றால் ஷியர் பின் வெட்டுப்பட்டிருக்கும். பாறையிலோ கட்டையிலோ அடித்தால் அது ஒடிந்து கியரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. மாற்றுப் பின் போடுங்கள். ஆணியையோ ஸ்டீல் கம்பியையோ வெட்டிச் செருகினால் அடுத்த அடியில் கியர்தான் ஒடியும்.

*மெதுவாகப் போகிறது. பாதி திராட்டிலுக்கு மேல் எஞ்சின் மட்டும் ஏறுகிறது, சத்தம் வழுவழுவென்று இருக்கிறது.* ரப்பர் புஷ். காத்தாடியின் உள்ளே பல் வெட்டிய உலோகக் குழலுக்கும் வெளி ஹப்புக்கும் நடுவே அழுத்தி ஏற்றிய ரப்பர் இது. பிடி விட்டால் குழல் சுற்றும், காத்தாடி பின்தங்கும். உறுதி செய்ய நட்டையும் வாஷரையும் கழற்றி, ஹப்பின் பின்முகத்தில் உள்குழலிலிருந்து வெளி ஹப் வரை நகப்பூச்சால் ஒரே நேர்கோடு இழுத்துக் காயவிடுங்கள். மறுபடி பூட்டி, முழுப் பாரத்தோடு ரெண்டு தடவை முழு திராட்டில் கொடுத்துவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கடலில் இப்படி ஆனால் வழுக்காத அளவுக்கு திராட்டிலைக் குறைத்து ஒரே சீராகக் கரைக்கு வந்துவிடலாம். அவசரப்பட்டு ஏற்ற ஏற்ற ரப்பர் சூடாகி மிச்சமிருக்கும் பிடியும் போய்விடும்.

இறக்கைகள் நன்றாக இருந்தால் புஷ் மட்டும் மாற்றலாம். ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறை வேண்டும். தீயில் காட்டி ரப்பரை எரித்து எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள், அலுமினியம் இளகி வலுவிழக்கும். குழலையும் ஹப்பையும் சேர்த்துத் துளையிட்டுத் திருகாணி அடிக்கும் கைவேலையும் உண்டு. அன்றைக்கு அற்புதமாக இழுக்கும். அதோடு அடியைத் தாங்கும் பாகம் எதுவும் எஞ்சினில் மிஞ்சாது. இறக்கையும் தேய்ந்த காத்தாடி என்றால் புஷ்ஷுக்குச் செலவழிக்காமல் புதுசே வாங்குங்கள்.

*"டக், டக், டக்" என்று அடித்துக்கொண்டே பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது.* இது காத்தாடி அல்ல. கியர் போடும் கிளட்ச் துண்டின் முனை உருண்டு, பாரம் ஏறும்போது கியர் கழன்று விழுகிறது. முதலில் கியர் இணைப்புக் கம்பி முழுத் தூரம் நகர்கிறதா என்று பாருங்கள், சில சமயம் அந்தச் சரிக்கட்டலோடு முடியும். முடியாவிட்டால் கீழ் கியர் பெட்டியைத் திறக்க வேண்டும். கரையில் வைத்துத் திறக்கிற வேலை அல்ல, பட்டறைக்கு அனுப்புங்கள்.

*நேராகப் போகும்போது நன்றாக இருக்கிறது, திரும்பும்போதோ அலையிலோ மட்டும் கத்துகிறது.* அடுத்த அறிகுறி.

அறிகுறி 4: வளைவிலும் அலையிலும் மட்டும் பிடி விடுகிறது

காத்தாடி மேற்பரப்புக் காற்றை இழுத்துக் குடிக்கிறது. காத்தாடிக்கு நேர் மேலே படுக்கையாக இருக்கும் தகட்டைப் பாருங்கள். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ 25 மில்லிமீட்டர் வரை கீழாகவோ இருக்க வேண்டும். நேர்கோலை ஏராவின் (படகின் அடியில் ஓடும் நடுமுதுகு) அடியோடு சேர்த்துப் பின்னால் நீட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மேலே இருந்தால் எஞ்சினை இறக்குங்கள். இறக்க இடமில்லை என்றால் நீளம் பொருந்தவில்லை: 15 அங்குலக் கால் உள்ள எஞ்சின் 20 அங்குலப் பின்பலகையில் தொங்குகிறது. மாற்ற வேண்டியது எஞ்சின் அல்லது பலகையின் வெட்டு, காத்தாடி அல்ல.

அடுத்து சாய்வு ஊசி. எஞ்சின் காலை வெளியே தள்ளும் துளையில் ஊசி இருந்தால் ஒரு துளை உள்ளே மாற்றிப் பாருங்கள். பின்பலகையின் கீழ் விளிம்பு, ஏராவின் கடைசி முனை, ஒட்டுப்போட்ட இடம் எதுவானாலும் காத்தாடிக்கு நேர் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் குமிழிகளை அள்ளி நேராக அதற்குள் அனுப்பும். சுரண்டிச் சமமாக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பிடி விட்டால்தான் காத்தாடியைப் பார்க்க வேண்டும். நுனி உடைந்த இறக்கை காற்றைச் சீக்கிரம் பிடிக்கும். பின்விளிம்பு லேசாக உட்புறம் வளைத்து வார்த்த காத்தாடி பிடியை நன்றாகக் காக்கும். ஆனால் அந்த வளைவே 150 முதல் 300 ஆர்பிஎம்மைத் தின்னும் என்பதால் பிட்சை ஒன்று குறைத்து எடுக்க வேண்டும்.

அறிகுறி 5: கைப்பிடி அதிர்கிறது

புதிதாக வந்த அதிர்வைத் தள்ளிப்போடாதீர்கள். அது நிற்காமல் கியர் பெட்டியின் பேரிங்கையும் ஆயில் சீலையும் தேய்க்கும்.

எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்சின் (எஞ்சினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றை உருவி, பிளக் தொப்பிகளைக் கழற்றி, நியூட்ரலில் வையுங்கள். கியரில் இருக்கும்போது காத்தாடியைக் கையால் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு, விரல் போகும். ஒரு பென்சிலைக் கியர் பெட்டியில் டேப்பால் ஒட்டி, முனை ஓர் இறக்கையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று இறக்கையும் அதே இடைவெளியில் கடக்க வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினால் அது வளைந்திருக்கிறது.

விளிம்பில் சின்னச் சின்ன வடு என்றால் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கலாம். மற்ற இரண்டு இறக்கையிலும் அதே இடத்தில் கொஞ்சம் எடுத்துச் சமப்படுத்துங்கள். வளைவைச் சுத்தியலால் நிமிர்த்துவது கரையில் எல்லோரும் செய்வது. வீடு திரும்ப உதவும், அதற்குமேல் நம்ப வேண்டாம். வார்ப்பு அலுமினியம் வளைத்த இடத்திலேயே விரிசல் விடும். துண்டு போன இறக்கைக்கு வெல்டிங் வைத்து, பிட்ச் அச்சில் வைத்துச் சரிபார்த்துத் தரும் பட்டறை இருந்தால் கொடுக்கலாம். அச்சு இல்லாமல் கண்ணளவில் தேய்த்துக் கொடுத்தால் மூன்று இறக்கைக்கும் மூன்று பிட்ச் இருக்கும்.

காத்தாடி சமமாக இருந்தும் அதிர்ந்தால் அதைக் கழற்றிவிட்டு, பென்சிலை வெறும் தண்டின் முனைக்கு நேராக வைத்துச் சுற்றுங்கள். முனை ஆடுவது கண்ணுக்கே தெரிந்தால் தண்டு வளைந்துவிட்டது. பட்டறைக்குத்தான். அந்தத் தண்டில் புதுக் காத்தாடி போட்டு ஓட்டுவது காசை இருமுறை செலவழிப்பது.

அறிகுறி 6: வெறும் படகு பறக்கிறது, பாரம் ஏறினால் அணியம் (படகின் முன்முனை) தூக்கிக்கொண்டு உழுகிறது

பின்னால் குவிந்த பாரத்தை முன்னால் நகர்த்திப் பாருங்கள். சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பிட்சைக் குறையுங்கள். நாலு இறக்கைக் காத்தாடி உங்கள் எஞ்சினுக்குக் கிடைத்தால் அதையும் யோசிக்கலாம்: குறைந்த வேகத்தில் பிடி கூடும், அதிர்வு குறையும், உச்ச வேகம் கொஞ்சம் போகும். மூன்றிலிருந்து நாலுக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்து எடுங்கள். பிட்ச் குறைத்த படகைக் கரை திரும்பும்போது, வெறும் படகாக, முழு திராட்டிலில் நெடுநேரம் பிடிக்காதீர்கள். போகும்போது பாரம், வரும்போது வெறுமை என்று பெரிய வித்தியாசத்தில் ஓடுகிறவர்கள் ரெண்டு பிட்சில் ரெண்டு காத்தாடி வைத்திருப்பதும் உண்டு. சின்ன எஞ்சினில் மாற்றப் பத்து நிமிடம்தான்.

அறிகுறி 7: ரிவர்ஸில் மட்டும் இழுக்கவில்லை

ரிவர்ஸ் எப்போதுமே பலவீனம்தான். முன்பைவிட மோசம் என்றால் ஹப்பின் பின்முனையில் கூம்பு விரிந்த வளையத்தைப் பாருங்கள். புகை ஹப்பின் நடுவே வெளியேறும் எஞ்சின்களில் அந்த வளையம்தான் புகையை இறக்கைகளிலிருந்து விலக்குகிறது. உடைந்தால் காத்தாடி தன் புகையையே குடிக்கும்.

வாங்கும்போது கையில் பார்க்க வேண்டியவை

சின்ன எஞ்சினுக்கு அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் தேயாது, வளையாது, பார்க்கவும் அழகு. பாறையில் அடித்தால் அந்த அடி முழுதும் கியருக்குப் போகும். ஆழமில்லாத கடலில் காத்தாடி சாவதுதான் நல்லது. பிளாஸ்டிக் வகை அவசரத்துக்கு மாற்றாகப் பெட்டியில் கிடக்கலாம்.

டூப்ளிகேட் நிறைய. எடையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். இறக்கையின் அடிப்பகுதியில் வார்ப்புக் குழிகள் இருந்தால் வேண்டாம். முடிந்தால் எஞ்சின் தண்டில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்: பற்கள் லேசாக வழுக்கி ஏற வேண்டும், ஏறியபின் இடது வலது ஆட்டம் இருக்கக் கூடாது. மேலே 9¾ என்று பொறித்து அளந்தால் 10½ வரும் சரக்கும் உண்டு, மேசை அளவை அங்கேயே செய்துவிடுங்கள். பழையதிலிருந்து, கியர் பெட்டிப் பக்கம் வரும் தடுப்பு வாஷரை எடுக்காமல் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது ஹப்புக்குள் ஒட்டிக்கொண்டே போய்விடும்.

பூட்டுவது

கில் சுவிட்ச் கயிறு, பிளக் தொப்பி, நியூட்ரல். தகட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வைத்தால் காத்தாடி சுற்றாது. நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டு, வாஷர், காத்தாடி, கடைசியாகத் தடுப்பு வாஷர் என்று வந்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள்.

தண்டைத் துடைத்து, சீலைச் சுற்றி நரம்பு இருந்தால் கொக்கியால் முழுக்க எடுங்கள். கத்தி வேண்டாம், சீல் கிழியும். பற்கள் முழுக்கக் கடலுக்கான கிரீஸ் பூசுங்கள். இந்தக் கிரீஸை விட்டவர்கள் அடுத்த முறை காத்தாடியை உடைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். தடுப்பு வாஷரின் சரிவான பக்கம் கியர் பெட்டியைப் பார்க்க, முதலில் அது. பிறகு காத்தாடி, வாஷர், நட்டு. இறுக்கியதும் காட்டர் பின் நுழையும் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. காட்டர் பின் எப்போதும் புதுசு, ஸ்டெயின்லெஸ்.

பூட்டியபின் வரும் கோளாறுகள் கொஞ்சம்தான். கையால் சுற்றும்போது ஹப் கியர் பெட்டியில் உரசினால் தடுப்பு வாஷர் விடுபட்டிருக்கிறது, அல்லது திருப்பிப் போட்டிருக்கிறது. காத்தாடி முன்னும் பின்னும் பல மில்லிமீட்டர் ஆடினால் பின்வாஷரின் கனம் தவறு. முன்கியர் போட்டால் படகு பின்னால் போனால், எதிர்த்திசைக் காத்தாடி வந்திருக்கிறது. சின்ன எஞ்சினில் அபூர்வம்தான்.

காத்தாடி கழன்று நிற்கும்போதே கியர் ஆயிலையும் பாருங்கள். கீழ்த் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு விடுங்கள். தேன் நிறமோ கறுப்போ என்றால் இறுக்கிவிடலாம். பால் கலந்த டீ போல வந்தால் சீல் வழியே கடல்நீர் போய்விட்டது. முதலில் தண்ணீரே வந்து பிறகு ஆயில் வந்தால் நிறையவே போயிருக்கிறது. பழையதை வடித்துவிட்டு, எஸ்ஏஇ 90 ஆயிலைக் கீழ்த்துளை வழியே, மேல்துளையில் வழியும்வரை ஏற்றி, ஒருநாள் ஓடிவிட்டு மறுபடி பாருங்கள். மறுபடியும் பால் நிறம் என்றாலோ, திருகாணியின் முனையில் உலோகத் தூள் மினுங்கினாலோ, அன்றைக்கே பட்டறைக்கு.

புதுக் காத்தாடியோடு முதல் நாள் போய்வந்ததும் நட்டின் இறுக்கத்தையும் பின்னையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிறகு அதே பாரத்தில் டேக்கோமீட்டர் ஓட்டம் ஒன்று. அந்த எண்ணைத் தேதியோடு எஞ்சின் மூடியின் உட்புறத்தில் பெயின்ட் பேனாவால் எழுதிவையுங்கள். பழையது ஓடும் நிலையில் இருந்தால், ஒரு நட்டு, ரெண்டு காட்டர் பின், ஒரு தடுப்பு வாஷர், அளவான ஸ்பானர், கட்டிங் பிளையர் இவற்றோடு சேர்த்து ஒரே பையில் கட்டி, படகிலேயே போட்டுவையுங்கள்.